எந்த சில்வெஸ்டர்?

லிங்கராஜபுரம்,
பெங்களூர் - 84.
14-10-2025

அன்பு மகன் சில்வெஸ்டருக்கு அப்பா இன்னாசி சொல்லச் சொல்ல மாடி வீட்டு ஐரின் டீச்சர் எழுதுவது. இங்கே என் முட்டி வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம், அங்கே முட்டி வலிகூட இல்லாமல் நீயும் கேரலும் பாப்பா ஜூடித்தும் சுகமாக இருக்க வேண்டும் என்று மாதாவைக் கேட்டுக்கொண்டுதான் வாயைத் திறக்கிறேன். ஆஸ்டின் டவுனில் உன் தங்கை டீனாவும் அவள் வீட்டுக்காரரும் சுகம். போன ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் வந்திருந்தார்கள், டீனா மீன் குழம்பு வைத்துக் கொண்டுவந்தாள், உப்பு கொஞ்சம் தூக்கல், உன் அம்மா இருந்திருந்தால் சொல்லிக்காட்டியிருப்பாள், நான் சொல்லாமல் சாப்பிட்டேன். அவர்கள் தெருவில் பத்து நாளாகக் குழாயில் தண்ணீர் இல்லை, டேங்கர் வந்தால் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டியிருக்கிறது என்று புலம்பினாள். இங்கே அந்தக் கஷ்டம் இன்னும் வரவில்லை. மழைதான் தினமும் சாயங்காலம் வந்துவிட்டுப் போகிறது.

நீ போன வாரம் போனில் கேட்ட ஞானஸ்நானக் காகிதம் வாங்கிவிட்டேன். இந்தக் கடிதத்தோடு கூரியரில் வருகிறது, டிக்கெட்டு கடை க்ளென் ஆறு நாளில் உன் கைக்கு வந்துவிடும் என்கிறான். நீ கேட்டது ஒன்று, நான் அனுப்புவது இரண்டு. ஏன் இரண்டு என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ போனை மேசைமேல் நிறுத்திவைத்துவிடுகிறாய், பின்னால் கேரல் அடுப்பண்டை நிற்கிறாள், பாப்பா முகத்தைக் கொண்டுவந்து ஒட்டிக்கொண்டு தாத்தா, உங்க மூக்கு ஏன் இவ்ளோ பெருசா தெரியுது என்கிறாள், அவ்வளவு பேரை வைத்துக்கொண்டு இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. நீ தனியாக உட்கார்ந்து படி. கேரலுக்கு அப்புறம் நீயே சொல்லிக்கொள். டீச்சரிடம் ஒன்றையும் திருத்தாமல் எழுதுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். எங்கேயாவது ஒரு முற்றுப்புள்ளிக்காவது நிறுத்துங்க அங்கிள், கை வலிக்குது என்கிறார்.

நீ சொன்னதை நான் சரியாகப் பிடித்துக்கொண்டேனா என்று முதலில் பார். உன் பாஸ்போர்ட்டுக்கு வயது முடிகிறது. இருபத்தேழாம் தேதி நம் நாட்டு எம்பசியில் உனக்கு டைம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே புதுப் புத்தகத்துக்கு எழுதிக்கொடுத்தால், புதுசு வந்ததும் பழைய புத்தகத்தின் மூலையை வெட்டி, செல்லாது என்று குத்தி, இரண்டையும் உன்னிடமே கொடுப்பார்கள். இரண்டையும் எடுத்துக்கொண்டு அந்த ஊர் இமிகிரேஷன் ஆபீசுக்குப் போனால் பழைய புத்தகத்தில் இருக்கிற விசா ஸ்டாம்பு, நீ உள்ளே நுழைந்த தேதி ஸ்டாம்பு, இருக்கலாம் என்று கொடுத்த தேதி ஸ்டாம்பு எல்லாவற்றையும் புதுப் புத்தகத்துக்கு மாற்றிப் போடுவார்கள். நவம்பர் இருபதோடு அந்தத் தேதி முடிகிறது, அதற்குள் எல்லாம் ஆகவேண்டும். பள்ளிக்கூடத்து வேலை அந்த ஸ்டாம்பில் இருக்கிறது, கேரலும் பாப்பாவும் அங்கே இருப்பது உன் ஸ்டாம்பைப் பிடித்துக்கொண்டுதான். இவ்வளவும் சொல்லிவிட்டு நீ சொன்னாய், எப்படியும் புதுசு எடுக்கறேனேப்பா, அதுல என்னோட கரெக்ட் தேதியைப் போட்டுடலாம், அந்த ஹெட்மாஸ்டர் வாய்க்கு வந்த தேதியை எத்தனை நாளைக்குச் சுமக்கறது, பிப்ரவரி மூணு யார் பொறந்த நாளோ என்று. சொல்லிவிட்டுச் சிரித்தாய். அன்றைக்கு லைன் தானாகக் கட்டாகவில்லை. நான்தான் போனை வைத்தேன்.

நேற்று பத்து மணிக்கு அல்சூரில் நம் கோயிலுக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது முட்டி மடங்கவில்லை, கண்டக்டர் நிதானா இளீரி தாத்தா என்று கையைப் பிடித்து இறக்கிவிட்டார். கோயில் ஆபீசில் இப்போது அமல் என்று ஒருவர் இருக்கிறார், பழைய உபதேசியார் போன பிறகு வந்தவர், உனக்குத் தெரியாது. நல்ல மாதிரி. பேர் சொல்லுங்க பெரியவரே என்றார். சில்வெஸ்டர் என்றேன். அப்பா? இன்னாசி. அம்மா? செசிலி. தடிப் புத்தகத்தின் கடைசியில் இருக்கிற பெயர் வரிசையில் விரலை வைத்துக்கொண்டே இறங்கினார், விரல் நின்றது, கொஞ்சம் கீழே போனது, திரும்பவும் மேலே வந்தது. பெரியவரே, இன்னாசி செசிலின்னு போட்டு ரெண்டு சில்வெஸ்டர் இருக்காங்களே, ஒண்ணு எண்பத்தொண்ணு, ஒண்ணு எண்பத்திமூணு, உங்களுக்கு எந்த சில்வெஸ்டர் வேணும் என்றார். கடையில் எந்த சோப்பு வேணும் என்று கேட்கிற மாதிரிதான் கேட்டார், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. நாற்பத்திரண்டு வருஷமாக இந்தக் கேள்வியை யாரும் என்னைக் கேட்டுவிடக்கூடாது என்று இருந்தேன். பக்கத்தில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். தண்ணி வேணுமா என்றார், வேண்டாம் என்றேன்.

சில்வெஸ்டர், உனக்கு ஒரு அண்ணன் இருந்தான். எண்பத்தொன்றாம் வருஷம் பிப்ரவரி மூன்றாம் தேதி, கோயிலில் தொண்டைக்கு இரண்டு மெழுகுவர்த்தியைக் குறுக்காக வைத்து மந்திரிக்கிற அந்தத் திருநாளன்று பிறந்தான். நம் குடும்பத்தில் முதல் பேரனுக்குப் பாட்டன் பெயர்தான் வைக்க வேண்டும், அதனால் உன் தாத்தா பெயரையே வைத்தோம். தாத்தா மிலிட்டரி மெஸ்ஸில் சமையல், கன்டோன்மென்ட் முழுக்க சில்வெஸ்டர் பட்லர் என்றால் தெரியும். அவர் பேரனை மடியில் போட்டுக்கொண்டு என்னா சில்வெஸ்டர் என்பார், அவரே குரலைச் சின்னதாக்கிக்கொண்டு என்னா சில்வெஸ்டர் என்று பதிலும் சொல்வார். அப்போது நாங்கள் அல்சூரில் ஒண்டிக் குடித்தனம், நான் பேக்கரியில் சைக்கிள் பெட்டியில் ரொட்டி போடுகிற வேலை. எனக்கு எழுத்து தெரியாது, நூறு வீட்டுக்கு மேல் எந்த வீட்டுக்கு என்ன ரொட்டி என்று ஒரு சீட்டும் இல்லாமல் போட்டிருக்கிறேன், ஒருநாளும் மாறினதில்லை. மத்தியானம் நான் தெருமுனையில் மணி அடித்தால் அவன் வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பான். ரொட்டி என்று சொல்ல வராது, ஒட்டி என்பான். அவனுக்கென்று பன்னில் மேல் தோலைப் பிய்த்துப் பெட்டி மூலையில் வைத்திருப்பேன். இதையெல்லாம் நான் யாரிடமும் சொன்னதில்லை, இப்போது சொல்லும்போது பார்த்தால் ஒன்றுகூட மறக்கவில்லை.

எண்பத்திரண்டு நவம்பரில் அவனுக்குக் காய்ச்சல். இரண்டு நாள் தெருக்கோடி டாக்டரிடம் ஊசி போட்டோம், மூன்றாம் நாள் மத்தியானம் நான் சுற்று முடித்து வரும்போது அவன் கதவண்டை வரவில்லை. உள்ளே போய்த் தொட்டால் கை சுட்டது. நல்ல மழை, ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. ரொட்டிப் பெட்டியைக் காலி பண்ணி அடியில் கம்பளியை மடித்துப் போட்டு அவனை அதில் படுக்கவைத்து, மூடியைப் பாதி சாத்தி, நான் சைக்கிளைத் தள்ள, செசிலி பக்கத்தில் பெட்டிக்குள் கையை விட்டு அவன் நெஞ்சில் வைத்தபடியே நடந்து வந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏரிக்கரை ஓரமாகத்தான் போனோம். பாதி ஏரி தாண்டினதும் செசிலி சொன்னாள், ஏங்க, சூடு எறங்குதுங்க என்று. எனக்கு உயிர் வந்தது. பாத்தியா, மழைக்காத்து பட்டதும் எறங்குது பாரு என்றேன். அவளும் சிரித்தாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று ஒருதரம் மணிகூட அடித்தேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் அவனைப் பெட்டியிலிருந்து தூக்கினார், எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தார், யாவாக ஆய்த்து என்று கேட்டார். நான் பிறந்து வளர்ந்தது இந்த ஊரில், கன்னடம் எனக்குத் தமிழ் மாதிரி. அன்றைக்கு அவர் எப்போது ஆனது என்று எதைக் கேட்கிறார் என்றே எனக்கு விளங்கவில்லை. ஜுரம் மூணு நாளாச்சு சார் என்று சொன்னேன். அவர் திரும்பவும் அதையே கேட்டார்.

அதற்கடுத்த வருஷம் செப்டம்பர் எட்டு, மாதா திருநாளன்று நீ பிறந்தாய். தாத்தா அப்போது படுக்கையில். எம் பேரை மண்ணோட விட்டுடாதீங்கடா, இவனுக்கு வைங்க என்றார். சாகக் கிடக்கிறவர் கேட்டால் என்ன செய்வது. ஞானஸ்நானத்தில் சாமியார் இந்தக் குழந்தைக்கு என்ன பெயர் வைக்கிறீர்கள் என்று கேட்டபோது தாய்தான் முதலில் வாயைத் திறக்க வேண்டும், செசிலி திறக்கவில்லை, நான் சொன்னேன். அதோடு பெரியவனைப் பற்றி உன் காதுபட யாரும் பேசக்கூடாது என்று சொந்தக்காரர்களிடம் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்லிவைத்தேன். செத்த பிள்ளையின் பெயரைச் சுமக்கிறோம் என்று ஒரு பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்பதுதான் என் எண்ணம். தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள், இப்போது நான் ஒருவன். டீனாவுக்கும் தெரியாது.

இப்போது அந்தத் தேதிக்கு வருகிறேன். எண்பத்தெட்டு ஜூனில் உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க நான்தான் அழைத்துக்கொண்டு போனேன். செசிலிக்கு உடம்பு சரியில்லை, டிரங்குப் பெட்டியில கவருக்குள்ள மேலாப்புல இருக்கிற பேப்பரை எடுத்துட்டுப் போங்க என்று பாயில் படுத்தபடியே சொன்னாள். எடுத்துக்கொண்டு போனேன், ஹெட்மாஸ்டர் பார்த்து எழுதிக்கொண்டார். மூன்று மாசம் கழித்து நீ கொண்டுவந்த பிராக்ரஸ் கார்டை அவள் படித்தாள். அவள் ஏழாவது வரைக்கும் படித்தவள். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பெரியவன் பேப்பரைக் கொண்டுபோய்க் குடுத்திருக்கீங்க, தேதி எல்லாம் அவனுது என்றாள். அந்தப் பெட்டியில் அவன் காகிதமும் இருந்தது என்றே எனக்குத் தெரியாது. நாளைக்கே போய் ஹெட்மாஸ்டர் காலில் விழுந்தாவது மாற்றிவிடுகிறேன் என்றேன். விடுங்க, எழுதினது எழுதினதுதான், திரும்பப் போனா பிள்ளையை வெளிய அனுப்பிடுவாங்க என்றாள். அதற்கப்புறம் நீ பெரியவனாகி ஒவ்வொரு ஃபாரம் நிரப்பும்போதும் அந்த ஹெட்மாஸ்டரைத் திட்டுவாய், நான் எழுந்து வெளியே போய்விடுவேன். பாவம் அந்த மனுஷன், அவர் காகிதத்தில் இருந்ததைத்தான் எழுதினார். தப்பு என் கையில் என்று முப்பத்தேழு வருஷம் வைத்துக்கொண்டிருந்தேன். ஒருதரம் டீனா கரண்ட் பில்லுக்குப் பதிலாக நான் வேறு எதையோ எடுத்துக்கொண்டு போய்விட்டேன் என்று கிண்டல் செய்தபோது உன் அம்மா சொன்னாள், உங்கப்பா கையில பேப்பரைக் குடுத்தா செத்தவனுக்கும் கரண்ட் வரும் என்று. டீனா விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்கு மட்டும் அது எங்கே போய்க் குத்தியது என்று செசிலிக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

நேற்று அமல் எண்பத்தொன்றாம் வருஷத்துப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, இதுல ஓரத்துல ஒண்ணு எழுதியிருக்கு பெரியவரே, ஏற்கனவே ஒரு காப்பி வாங்கியிருக்கீங்க போல, எண்பத்தெட்டு ஜூன் ஆறாம் தேதி, பள்ளிக்கூடத்துக்கு வேணும்னு என்றார். நான் வாங்கவில்லையே என்றேன். வாங்கினவங்க கையெழுத்து இருக்கே என்று புத்தகத்தை என் பக்கம் திருப்பினார். எனக்கு எழுத்து தெரியாது, ஆனால் அந்தக் கையெழுத்தைத் தெரியும். முதல் எழுத்தை மட்டும் பெரிதாகப் போட்டுவிட்டு மற்றதெல்லாம் எறும்பு மாதிரி போகும், அடியில் ஒரு கோடு இழுத்து அந்தக் கோட்டின் முனையை மேலே வளைத்துவிடுவாள். ரேஷன் கார்டில், உன் ஸ்கூல் கார்டுகளில், டீனா கல்யாணப் பதிவுப் புத்தகத்தில் பார்த்த அதே கோடு. செசிலிங்களா என்று அமல் கேட்டார். ஆமாம் என்றேன். அதாவது, பள்ளிக்கூடத்துக்கு நான் உன்னை அழைத்துப்போன நாளுக்கு நாலைந்து நாள் முன்னால் அவள் தானாகக் கோயிலுக்கு வந்து, உன் பேப்பரைக் கேட்காமல் அவன் பேப்பரைக் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டுபோய்க் கவரில் மேலாக வைத்திருக்கிறாள். அப்புறம் என்னை அனுப்பியிருக்கிறாள்.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. ஏரிக்கரை வரைக்கும் நடந்துபோய் அங்கே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, அவள் இருந்தால் என்ன கேட்பேனோ அதையெல்லாம் வாய்விட்டுக் கேட்டேன். பக்கத்தில் வேர்க்கடலை விற்கிறவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். கேட்டு என்ன, ஆள் போய் மூன்று வருஷம். ஐரின் டீச்சர் எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொல்கிறார், அந்தக் காலத்துல அஞ்சு வயசு முடியலேன்னா ஒண்ணாங்கிளாஸ்ல சேர்க்கமாட்டாங்க அங்கிள், இவருக்கு நாலே முக்கால்தானே, ஒரு வருஷம் வீணாப் போகக்கூடாதுன்னு அம்மா செஞ்சிருப்பாங்க என்று. இருக்கலாம். உன்னைப் பார்த்து உன் கிளாஸ் டீச்சர்கூட, ஏழு வயசுக்கு இவ்ளோ குட்டியா இருக்கானே, முட்டை குடுக்கறதில்லையாம்மா என்று செசிலியைத் திட்டியிருக்கிறாள், வந்து என்னிடம் சொல்லிவிட்டு அவள் தினமும் உனக்கு ஒரு முட்டை கொடுத்தாள். அப்படியென்றால் என்னிடம் சொல்லியிருக்கலாமே. பிள்ளையைச் சேர்க்கத்தான் இப்படிச் செய்தேன் என்று ஒரு வார்த்தை. அதை ஏன் என் கைமேல் போட்டாள். நேற்றிலிருந்து எனக்கு வேறு வேறு ஞாபகம் வருகிறது. உன்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு அவள் உடனே திரும்பமாட்டாள். என் சைக்கிள் அந்த வழியாகத்தான் போகும், தினமும் பார்ப்பேன், ஜன்னல் ஓரமாக மதிலண்டை நிற்பாள். என்னாடி, பிள்ளையை யாராவது தூக்கிட்டா போயிடுவாங்க என்று கேட்டால், அட்டெண்டன்ஸ் எடுக்கட்டும், பேர் கூப்பிட்டதும் வந்துடறேன் என்பாள். உள்ளே டீச்சர் சில்வெஸ்டர் என்பாள், பிரசன்ட் மிஸ் என்று உன் குரல் வரும், அப்புறம்தான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நடப்பாள். இன்னொன்று, அவள் உன்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டு நீ கேட்டிருக்கிறாயா. தம்பி, தம்பி என்றுதான், உனக்கு மீசை வந்த பிறகும், ஏர்போர்ட்டில் உன்னை வழியனுப்பும்போதும். எல்லா வீட்டிலும் ஆம்பளைப் பிள்ளையைத் தம்பி என்றுதான் கூப்பிடுகிறார்கள், நானும் அப்படித்தான் நினைத்தேன். யாருக்குத் தம்பி என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

ஏரிக்கரையிலிருந்து நேராக க்ளென் கடைக்குத்தான் போனேன். டிக்கெட்டு, விசா வேலையெல்லாம் செய்கிறவன், உன்னோடு கிரிக்கெட் ஆடினவன், உனக்கு நல்லதுதான் சொல்வான். விஷயத்தை முழுக்கச் சொல்லவில்லை, தேதியை மாற்றினால் என்ன ஆகும் என்று மட்டும் கேட்டேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். அங்கிள், பேரு ஒண்ணா இருந்து தேதி மாறிச்சின்னா அது வேற ஆளு. பழைய புக்குல இருக்கறவரு ஸ்டாம்பைப் புது புக்குல இருக்கற வேற ஆளுக்கு அவங்க எப்படிப் போடுவாங்க? அதுவும் அவரு அந்த ஊர்ல உக்காந்துகிட்டு? கோர்ட்டு, அஃபிடவிட்டுன்னு மாசக்கணக்கா இழுக்கும், நவம்பர் இருபது போயிடும், குடும்பத்தோட மூட்டை கட்டிக்கிட்டு வரவேண்டியதுதான். பேசாம பழைய தேதியவே எழுதச் சொல்லுங்க என்றான். வேற ஆளுன்னா யாருப்பா என்று கேட்டேன். என்னா அங்கிள் ஜோக்கு அடிக்கறீங்க என்று காப்பி வாங்கிக்கொடுத்தான்.

ஆகையால் நான் உன்னைக் கேட்பது, இருபத்தேழாம் தேதி எம்பசியில் அந்தப் பழைய தேதியையே எழுது. இதில் உன் நன்மை முதல், என் ஆசை அதற்குப் பின்னால்தான். ஆனால் ஆசை இல்லை என்று பொய் சொல்லமாட்டேன். அவனைப் புதைத்த இடம் இப்போது இல்லை, குழந்தைக் குழி, இடம் பத்தாமல் எப்போதோ தோண்டி வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிட்டார்கள், மேலே சலவைக்கல் போட்டிருக்கிறது, யார் பெயரோ. ஒரு போட்டோவும் கிடையாது. அந்தக் குழந்தை பிறந்தது என்று இந்த உலகத்தில் எழுதியிருக்கிற இடம் கோயில் புத்தகமும் உன் பாஸ்போர்ட்டும்தான். ஒட்டி என்று சொன்னவன் உன் கூடவே பள்ளிக்கூடம் போயிருக்கிறான், எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கிறான், கல்யாணப் புத்தகத்தில் அவன் தேதி, பிளேன் ஏறினது அவன் தேதி, அந்த ஊர் ஆபீசர் அவன் தேதியைப் பார்த்துத்தான் இருந்துகொள் என்று குத்தியிருக்கிறார். இதைக் கேட்டு உனக்கு உடம்பு கூசினால் என்னைத் திட்டு, அம்மாவைத் திட்டாதே. உனக்கு இது வேண்டாம், என் உயிருக்கு என் தேதிதான் வேண்டும் என்று தோன்றினால் அதுவும் நியாயம், ஆனால் அதை நவம்பர் இருபது தாண்டி, ஸ்டாம்பு எல்லாம் புதுப் புத்தகத்தில் ஏறின பிறகு ஊருக்கு வந்து நிதானமாகச் செய், நான் கோர்ட்டுக்கு வந்து சொல்கிறேன், தப்பு என் கையில் என்றே சொல்கிறேன். இரண்டு காகிதமும் ஒரே மாதிரி இருப்பதால் டீச்சர் பின்பக்கம் பென்சிலில் எழுதியிருக்கிறார், ஒன்றில் நீ என்று, ஒன்றில் அண்ணன் என்று. ஒன்று சொல்கிறேன், உன் உடம்புக்கு நாற்பத்திரண்டுதான். காகிதத்தில் நாற்பத்துநாலு என்று பார்த்து முடி நரைக்கிறதே என்று கவலைப்படாதே.

இமிகிரேஷன் ஆபீசுக்குப் போகும்போது பழைய புத்தகத்தை எந்தக் காரணத்துக்காகவும் யாரிடமும் விட்டுவிட்டு வராதே, மூலை வெட்டினாலும் அது நம்முடையது. எம்பசியில் மூலையை வெட்டும்போது ஸ்டாம்பு இருக்கிற பக்கத்தில் கத்தரி படாமல் வெட்டச் சொல். புதுசில் குத்திக் கொடுத்ததும் கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன்னால் ஒவ்வொரு தேதியாகப் பழையதோடு வைத்துப் பார், அவசரப்படாதே, பின்னால் இருக்கிறவன் முனகினால் முனகட்டும். அந்த நாட்டில் மழைக்காலமாம், இரண்டு புத்தகத்தையும் பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொள். கேரலுக்கு இருமல் எப்படி இருக்கிறது, சுக்குத்தண்ணீர் கொடு. பாப்பாவைத் தமிழில் ஏசு, இங்கிலீஷில் ஏசினால் அவளுக்கு உறைக்காது. மாதா உன் கூட வருவாள், எந்த ஆபீஸ் வாசலிலும் நீ தலை குனிந்து நிற்கும்படி ஆகாது, என் ஆசீர்வாதம் மூன்று பேருக்கும்.

கடைசியாக ஒன்று, மறந்துவிடாதே. நவம்பர் இரண்டு ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அன்றைக்குப் பூசையில் வாசிக்க இறந்தவர்கள் பெயரை எழுதிக்கொடுப்போம், உனக்குத் தெரியும். உனக்கு அதே பெயரை வைத்த பிறகு அவன் பெயரைக் கொடுக்க எங்களுக்கு மனசு வரவில்லை, உயிரோடு இருக்கிற பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எப்படிக் கொடுப்பது. இத்தனை வருஷத்தில் ஒருதரம்கூட யாரும் அவன் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்ளவில்லை. நேற்று அமலிடம் எழுதிக்கொடுக்கச் சொல்லிவிட்டு வந்தேன். ஆக அன்றைக்குக் கோயிலில் இன்னாசி செசிலி மகன் சில்வெஸ்டர் என்று வாசிப்பார்கள். கேட்டவர்கள் பதறிப்போய் உனக்குப் போன் போடுவார்கள், டீனாதான் முதலில் போடுவாள். நீ பயந்துவிடாதே, போனை எடுத்துப் பேசு, நான் நல்லாத்தான் இருக்கேன், அது எங்க அண்ணன் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா
இன்னாசி